பகை எண்

உடங்காட்டுவிளையின் நல்லதண்ணீர்க் கிணற்றில் முகம் தெரியாமல் போய் எண் தெரிய ஆரம்பித்தது, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டிய வாரத்தில். முதலில் பார்த்தவள் யார் என்பதில் பெண்களுக்குள் சண்டை இருந்ததே தவிர, பார்த்தது என்ன என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. குனிந்தால் நெற்றியும் மூக்கும் தெரியவேண்டிய இடத்தில், வானத்து வெளிச்சம் விழுந்து கிடந்த தண்ணீரின் மேல், ஒன்பது இலக்கங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன: 232792561. வாளி விழுந்தால் உடைந்து, சிதறி, உறைச் சுவரோரம் ஒதுங்கி, தண்ணீர் அடங்கியதும் ஒன்றுகூட இடம் மாறாமல் திரும்ப வந்து நின்றன. மொண்டு மேலே எடுத்தால் வெறும் தண்ணீர். செல்போனில் படம் பிடித்தால் வெறும் தண்ணீர். குடித்தால் அதே இனிப்பு.

கடல் பக்கத்தில் இருக்கிற ஊர். மற்ற கிணறுகளில் எல்லாம் உப்பு ஏறி, துணி துவைத்தால் நுரை வராது, பருப்பு வேகாது. அதனால் இந்தக் கிணற்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவது என்ற பேச்சே எழவில்லை. பெண்கள் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை என்று குறைபட்டார்கள். இளவட்டங்கள், இது போன் நம்பர்தான், ஓர் இலக்கம்தான் குறைகிறது என்று முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டு அடித்துப் பார்த்து, எங்கோ ஓர் அம்மாளிடம் இந்தியில் திட்டு வாங்கினார்கள். பெயருக்கு எழுத்துக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் எண் ஜோசியர் ஒருவர் பஸ் ஏறி வந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தேழு, அதைக் கூட்டினால் பத்து, அதையும் கூட்டினால் ஒன்று என்று சொல்லி, தட்சணையை வாங்கிக்கொண்டு, ஒன்று நல்லதா கெட்டதா என்று சொல்லாமலே அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

தங்கப்பழம் மட்டும் போய்ப் பார்க்கவில்லை. கிணற்றுக்குப் போகும் பாதை ஊர்த்தலைவர் லிங்கதுரையின் வாசலைத் தொட்டுக்கொண்டு போயிற்று. அந்த வாசலைக் கடப்பதில்லை என்று அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம், மகள் சந்தனமாரி பிறப்பதற்கு முன்னால் இருந்தே அமலில் இருந்தது. ஊருக்கு மேற்கே முருங்கைத் தோட்டம், தோட்டத்துக்குள் வீடு. ஆளும் முருங்கைக்காய் மாதிரிதான்: நெட்டையாய், சதை இல்லாமல், வயதானபின்னும் வளையாமல் நிமிர்ந்து இருப்பார். ஊரில் பாதிப் பேரோடு அவருக்குப் பேச்சு கிடையாது. மீதிப் பாதியோடு பேசுவார், ஆனால் முகம் பார்த்துப் பேசமாட்டார்.

விஷயம் ஒரு கறிக்கூறுதான். அந்த ஊரில் கல்யாணம் முடித்துத் தனியடுப்பு வைத்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி, கொடையில் வெட்டுகிற கிடாக்களில் தலைக்கட்டுக்கு ஒரு கூறு. பல வருசம் கோயில் கோயிலாய் ஏறி இறங்கிய பிறகு அவர் மனைவி முத்துக்கனி உண்டாகியிருந்த வருசம், அவளுக்குக் கொடைக்கறி மேல் ஆசை வந்து, மசாலாவை அரைத்து வழித்துவைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். தூக்குவாளியோடு வரிசையில் நின்ற தங்கப்பழத்தின் முறை வந்தபோது பாயில் கூறு இல்லை. அப்போதுதான் மீசை முறுக்க ஆரம்பித்திருந்த லிங்கதுரை, ஓலைப்பாயைத் தூக்கி உதறிக் காட்டி, "ஒண்ணு கொறஞ்சு போச்சு அண்ணே. அடுத்த வருசம் ரெண்டா வாங்கிக்கிடும்" என்று சிரித்தான். வரிசையும் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வந்தவர்தான்; மூடி திறக்காமல் இன்னும் வைத்திருந்தார். வருசா வருசம் வரியைக் கொடுத்தனுப்புவார், கூறு வாங்கப் போகமாட்டார், முத்துக்கனியையும் போக விடமாட்டார். அவருடைய கூறு மேளக்காரர்களுக்குப் போய்ச் சேரும்.

எண் வந்த பிறகு ஊரில் எதைப் பங்கு வைத்தாலும் ஒன்று மிஞ்ச ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை கொடுத்த பிறகு சட்டியில் ஒரு முட்டை கிடந்தது. ஆயா மறுபடி எண்ணிக் கொடுத்தாள், மறுபடி ஒன்று கிடந்தது. சடங்கு வீட்டுப் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரே ஓர் இலை, சோறும் சாம்பாரும் அப்பளமும் வைத்தபடி, ஆளில்லாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேய்ச்சலில் இருந்து திரும்பிய ஆடுகளை அவரவர் வீட்டுக்குப் பத்திக்கொண்டு போன பிறகு, காதில் எந்த வீட்டு அடையாள வெட்டும் இல்லாத ஒரு கிடா தெருவில் நின்று எல்லோரையும் பார்த்தது. மிஞ்சியதை யாரும் தொடவில்லை. முட்டையைக் காக்கைக்குப் போட்டார்கள், காக்கை தின்னவில்லை என்று ஆயா சத்தியம் பண்ணினாள். மிஞ்சுவது முட்டையாகவும் இலையாகவும் இருக்கிறவரைக்கும் சரி, ஆளாக ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வீட்டுக்கு வீடு விளக்கேற்றும் நேரத்தில் வந்து, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது. கட்டிலில் படுத்த பிறகு பிள்ளைகளைத் தலை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிச் சரியாக இருந்தால், சரியாக இருக்கிறதே என்று பயந்தார்கள்.

இதில் உற்சாகமாக இருந்தது ஜெபமணி டீச்சர் ஒருத்திதான். வெளியூரில் இருந்து ஸ்கூட்டியில் வந்து போகிற கணக்கு டீச்சர். பிள்ளைகளைக் கரும்பலகை முன் நிறுத்தி அந்த எண்ணை வகுக்கச் சொன்னாள். இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. ஒற்றைப்படை, அதில் ஆச்சரியம் இல்லை. மூன்றால் வகுத்தாலும் மீதி ஒன்று. நான்கால், ஐந்தால், ஆறால், ஏழால், ஏறி ஏறி இருபது வரைக்கும் ஈவு வேறு வேறாக வந்தது, மீதி மட்டும் கடைசி வரியில் அதே ஒன்றாக வந்து நின்றது. டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் சந்தோஷம் தாங்காமல் சொன்னாள்:

"இது பகா எண்ம்மா. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாது. ஆனா இதுல ஒண்ணே ஒண்ணைக் கழிச்சுப் பாருங்க, இருபது வரைக்கும் எந்த எண்ணும் மீதியில்லாம உள்ள போயிரும். அவ்வளவு நல்ல எண் மேல ஒரு ஒண்ணு ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேங்குது."

பகா என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் சமையலிலோ சண்டையிலோ கோயிலிலோ உபயோகித்தது கிடையாது. கிணற்றடியில் பகா எண்ணாகப் புறப்பட்டது, டீக்கடைக்கு வந்தபோது பகை எண்ணாக இருந்தது. டீக்கடையில் யாரும் அதைத் திருத்தவில்லை. அது அவர்களுக்குத் தெரிந்த சொல். பகை எண். அதில் ஒன்றைக் கழித்துவிட்டால் நல்ல எண். கழிக்கவேண்டியது எது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் மேற்கே முருங்கைத் தோட்டத்தைப் பார்த்தார்கள்.

முத்துக்கனி குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"ஏங்க, தலைக்கட்டு மொத்தம் எரநூத்தி நாப்பதாம். கெணத்து எண்ணை அதால வகுத்தா வீட்டுக்கு ஒம்பது லச்சத்துச் சொச்சம் வருதாம், முன்னால இருந்து படிச்சாலும் பின்னால இருந்து படிச்சாலும் ஒண்ணுபோல இருக்காம். அவ்வளவு லெச்சணமா வந்துட்டு, கடைசியில ஒண்ணு மிஞ்சுதாம்."

"மிஞ்சுனா மிஞ்சிட்டுப் போகுது. எனக்கென்ன?"

"அந்த ஒண்ணு நாமதானாம்."

தங்கப்பழம் முருங்கைக்காய்க் கட்டுக்கு நார் முறுக்கிக்கொண்டிருந்தார். நார் இரண்டாக அறுந்தது. "எவன் சொன்னான்?" என்றார், சொன்னது லிங்கதுரைதான் என்று தெரிந்திருந்தும்.

ஊர்க்கூட்டம் கோயில் வெளியில் நடந்தது. தங்கப்பழம் ஓரத்தில், நாகலிங்க மரத்தில் சாயாமல், மரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மரமாக நின்றார். லிங்கதுரைக்கு இப்போது மீசை நரைத்திருந்தது, முறுக்கு மட்டும் இறங்கவில்லை.

"யாரும் உம்மத் தள்ளல அண்ணே," என்றார் லிங்கதுரை, அவரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து. "ஊர்விலக்கு அது இதுன்னு நாளைக்கு எவனும் போலீசுக்குப் போயிரக் கூடாது. கணக்குல்லா தள்ளுது. நீரே சொல்லும். கூறும் வாங்குறதில்ல, கும்புடவும் வர்றதில்ல. பேருக்கு ஒரு தலைக்கட்டு. அந்த ஒண்ணைக் கழிச்சா ஊருக்கு நிம்மதி."

"நான் வரி குடுக்கேன்."

"இந்த வருசத்து வரியத் திருப்பித் தந்துருதோம்."

டீச்சர் கூட்டத்துக்கு வரவேண்டியவள் இல்லை. ஆனாலும் வந்திருந்தாள், முகம் வெளிறியிருந்தது. "அண்ணாச்சி, நான் சொன்னது பகை இல்ல, பகா. பகுக்க முடியாத எண். ஒண்ணைக் கழிக்கணும்னா மேல இருக்கிற எண்ணுல கழிக்கணும். நீங்க கீழ, வகுக்கிற ஆளுகள்ல கழிக்கிய. அது வேற கணக்கு."

"மேல இருக்கிறது அம்மன் போட்ட எண்ணு டீச்சர்," என்றார் லிங்கதுரை பொறுமையாக. "அதுல கை வைக்க நாம யாரு? கீழ உள்ளதுதான் நம்ம கையில இருக்கு."

கூட்டத்துக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. பின்னால் இருந்து ஒருவன், "தங்கப்பழம் அண்ணாச்சி பகைக்கு வட்டியே இம்புட்டு வருசமாக் கட்டுதாரு, முதல எப்பக் கட்டுவாராம்?" என்று கேட்க, பழைய சிரிப்பு, பாயை உதறியபோது கேட்ட அதே சிரிப்பு, வயதாகி, பல் விழுந்து, வந்தது.

"கழிச்சிக்கிடுங்கடே," என்றார் தங்கப்பழம். "கழிச்சிட்டு நல்லா இருங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தெரு முனை வரைக்கும் அந்த நடையில் ஒரு திருப்தி இருந்தது. முனை திரும்பியபோதுதான் சந்தனமாரி ஞாபகம் வந்தது.

சந்தனமாரியைத் தோப்புவிளையில் பேசி முடித்திருந்தார்கள். கொடை கழிந்ததும் கல்யாணம். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் பெண்ணின் ஊர்த்தலைவர் ஒரு தட்டில் வெற்றிலை வைத்து மாப்பிள்ளையின் ஊர்த்தலைவரிடம் கொடுக்கவேண்டும். அதற்கு ஊர் வெற்றிலை என்று பெயர். எங்கள் பெண், எங்களில் ஒரு வீடு என்று அந்த வெற்றிலை சொல்கிறது. தலைக்கட்டு இல்லாத வீட்டுக்கு வெற்றிலை இல்லை. வெற்றிலை இல்லாத வீட்டில் தோப்புவிளைக்காரர்கள் காப்பித் தண்ணிகூடக் குடிக்கமாட்டார்கள்.

அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் சேதி போய்விட்டிருந்தது. சந்தனமாரி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அவங்க அம்மா பேசுனாங்கப்பா. வெத்தல உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கன்னாங்க." அப்பாவின் வாளியில் மூடியிருந்த சிரிப்பைப் பற்றிச் சின்னப் பிள்ளையில் இருந்து கேட்டு வளர்ந்தவள். தன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா காத்திருந்த கறி அது என்பதால், அந்தப் பகையில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று நினைத்திருந்தவள். இப்போது அந்தப் பங்கை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாதவள் மாதிரி அவரையே பார்த்தாள்.

இருநூற்று முப்பத்தொன்பதால் வகுத்துக் காட்டும்படி டீச்சரிடம் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். பிறகு, வேறு யாராவது தப்பாக வகுத்துவிடக் கூடாதே என்று, கோயில் சுவரில் சாக்கட்டியால் மேலிருந்து கீழாக வகுத்தாள். ஊர் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசி வரியில் மீதி வந்தது. நூற்றெட்டு.

முதலில் குலவை கேட்டது. நூற்றெட்டு! ஒன்று போய் நூற்றெட்டு வந்திருக்கிறது, அம்மன் வாய் திறந்துவிட்டாள் என்று நூற்றெட்டுத் தேங்காய்க்கு ஆள் அனுப்பினார்கள், பூசாரி நூற்றெட்டுப் போற்றியைச் சத்தமாக ஆரம்பித்தார். பாதிப் போற்றியில் ஒருவன், "நூத்தியெட்டுன்னா ஆம்புலன்சுல்லாவே?" என்றான். இன்னொருவன் மெதுவாக, விரல்களை மடக்கிக்கொண்டே, "மீதி ஒண்ணா இருக்கும்போது மிஞ்சுனது ஒரு வீடு. மீதி நூத்தியெட்டுன்னா?" என்று கேட்டான். போற்றி நின்றுவிட்டது. டீச்சர் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அன்றிலிருந்து கொடை நாள் வரைக்கும் ஊரில் ஒருவரும் இன்னொருவர் வீட்டுக்குள் போகவில்லை. மிஞ்சப்போகிற வீடுகள் எவை என்று தெரியாததால், எல்லோரும் தங்கள் வீடு அதில் இல்லை என்பதற்குக் காரணங்களைச் சேர்த்தார்கள். முதலில் குடிவந்த வீடு, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு. தெற்குத் தெரு வடக்குத் தெருவைப் பார்த்து விரலை நீட்டியது. அண்ணன் தம்பிகள் ஒரே தலைக்கட்டாகச் சேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்து, சேர்ந்தால் மீதி எவ்வளவு வரும் என்று பயந்து, சேராமலே முறைத்துக்கொண்டார்கள். தங்கப்பழம் ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த பகையை ஊர் வீடு வீடாகப் பங்குபோட்டுக்கொண்டது. அது மட்டும் மீதியே இல்லாமல் சரியாகப் போயிற்று.

கொடை அன்று தங்கப்பழம் தோட்டத்திலேயே இருந்தார். மேளம் கேட்டது. வில்லுப்பாட்டு கேட்டது. கிடாக்களின் சத்தம் கேட்டு, நின்றது. காய் பறிக்கிற தோட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர ஒரு காய் பறிக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. தள்ளிவைத்தார்களே என்பதல்ல பயம். தான் இல்லாமலே அங்கே எல்லாம் சரியாகிவிடுமோ என்பதுதான். கூறு சரியாக விழுந்து, ஒன்றும் மிஞ்சாமல், ஊர் கறியை வாங்கிக்கொண்டு சிரித்தபடி கலைந்துவிட்டால், இவ்வளவு வருசமும் குறை தன்னிடம்தான் இருந்தது என்று ஆகிவிடும். பிறகு மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அப்போது காக்கைகள் வந்தன. முருங்கைக்கு மேலே கறுப்பாய், கூட்டம் கூட்டமாய், கோயிலைப் பார்த்துப் பறந்தன. அங்கே இருநூற்று முப்பத்தொன்பது கூறு போட்டு, இருநூற்று முப்பத்தொன்பது பேரும் வாங்கிக்கொண்டு நகர்ந்த பிறகு, பாய்களில் நூற்றெட்டுக் கூறு கிடந்தது. மறுபடி சேர்த்துப் போட்டுப் பிரித்தார்கள். அவரவர் கையில் இருந்தது சிறுத்தது, பாயில் நூற்றெட்டு கிடந்தது. மறுபடி பிரித்தபோது கையில் எலும்பும் சவ்வும்தான் வந்தது, பாயில் கிடந்த நூற்றெட்டும் கொழுத்து, ஈ மொய்த்து, வெயிலில் பளபளத்தது. யாருக்கும் அதைத் தொடத் தைரியம் வரவில்லை. பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பின்வாங்கினார்கள்.

லிங்கதுரை தோட்டத்து வேலிக்கு வெளியே வந்து நின்றபோது அவருடைய சட்டை முழுக்கக் கொழுப்புக் கறை.

"தங்கப்பழம் அண்ணே."

"ஆருவே அது?"

"நாந்தான். லிங்கதுரை."

"எந்த லிங்கதுரை?"

"உம்ம வாயில என்ன வருதோ அந்த லிங்கதுரை. அண்ணே, நீரு வந்து நின்னாத்தான் எண்ணிக்கை சேரும். நீரு இருந்தப்போ ஒண்ணுதான் மிஞ்சுச்சு. இப்ப ஊர்ல பாதி மிஞ்சுது."

"நான்தான் கழிஞ்சு போனவனாச்சே. கழிச்சதக் கூட்டுற கணக்கு உண்டா? டீச்சர்கிட்டக் கேட்டியளா?"

லிங்கதுரை வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். மீசை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. "கேக்காம வந்துட்டேன் அண்ணே."

"அந்த வருசத்துக் கூறு எங்க?"

"எந்த வருசத்து?"

"பாயை ஒதறுன வருசத்து."

லிங்கதுரைக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. முகத்தில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. தங்கப்பழம் அந்த முகத்தையே பார்த்தார். இவ்வளவு வருசமும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கிற கயிறு என்று நினைத்திருந்தார். அந்த முனையில் யாருமே இல்லை.

முத்துக்கனி அடுப்படியில் இருந்து வெளியே வந்தாள். "இன்னா பாருங்க. அன்னைக்கு நீங்க வெறும் வாளியோட வந்து திண்டாடிக்கிட்டு நின்னிய. நான் அரைச்ச மசாலாவுல கருவாட்டப் போட்டுக் கொழம்பு வச்சுத் தின்னுட்டு ஒறங்கிட்டேன். எனக்கு அன்னைக்கே ஆசை தீந்துட்டு. நீங்கதான் இன்னும் பசியோட நிக்கிய." சந்தனமாரி அவளுக்குப் பின்னால் நின்றாள். கையில் தூக்குவாளி இருந்தது, பரணில் கிடந்த அதே பழைய வாளி, தேய்த்துக் கழுவி, மூடி இல்லாமல்.

தங்கப்பழம் வாளியை வாங்கிக்கொண்டார். "வெத்தல?" என்றார்.

"என் கையால குடுக்கேன் அண்ணே. அம்மன் மேல ஆணை."

கோயில் வெளியில் அவர் வந்து நின்றதும் ஊர் வழி விட்டது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி இருநூற்று நாற்பதாய்ப் பிரித்தார்கள். கூறு ஒன்றுபோல விழுந்தது, எலும்புக்கு எலும்பு, கொழுப்புக்குக் கொழுப்பு. வாங்கினார்கள். தங்கப்பழமும் வாங்கினார். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு, நடுப்பாயில் ஒரு கூறு கிடந்தது.

மேளம் நின்றிருந்தது. கையில் கறியோடு இருநூற்று முப்பத்தொன்பது பேரும் அந்தக் கூறைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். "அதை எடுக்கிறவந்தான் மிஞ்சுறவன்" என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. அது தப்பு என்று அவருக்கு மட்டும் தெரிந்தது. அது மிஞ்சிய கூறு இல்லை. அன்றைக்குக் குறைந்த கூறு. எங்கெங்கேயோ அலைந்து, முட்டையாகி, இலையாகி, காது வெட்டாத கிடாவாகி, வந்து சேர வழி தெரியாமல் கிணற்றுக்குள் இருந்து எட்டிப் பார்த்து, இப்போது பாயில் கிடக்கிறது. குனிந்து எடுத்தால் முடிந்தது. முடிந்துவிடும் என்பதுதான் அவரைக் குனியவிடவில்லை.

"ஈரல் இருக்கா அதுல?" என்று கேட்டார்.

"என்னது?"

"அந்த வருசம் எல்லாக் கூறுலயும் ஒரு துண்டு ஈரல் இருந்துச்சு. வரிசையில நின்னவனுக்குத்தான் தெரியும்."

லிங்கதுரை தன் வாளிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு துண்டு ஈரலை எடுத்து அந்தக் கூறின் மேல் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. தங்கப்பழம் குனிந்தார். இரண்டு கையாலும் அள்ளினார். இவ்வளவு வருசமும் சுமந்ததற்கு அது கனமே இல்லாமல் இருந்தது. தவறி வேறு எதையாவது எடுத்துவிட்டோமோ என்று ஒருமுறை பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் காலியாக இருந்தது. வாளியில் போட்டார்.

கிணற்றடியில் இருந்து கூச்சல் வந்தது. கடைசியில் நின்ற ஒன்று படுத்துச் சுருண்டு சுழியாகிவிட்டதாம். பிறகு சுழி கரைந்து, அதற்கு முந்தியது கரைந்து, பின்னாலிருந்து முன்னாலாக ஒவ்வோர் இலக்கமும் தண்ணீரில் உப்புப் போலப் போய்விட்டதாம். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தார்கள். ஆண்களும் வெட்கத்தை விட்டுவிட்டுக் குனிந்தார்கள். ஒருவனுக்குத் தன் தலையில் நரை விழுந்தது அன்றுதான் தெரிந்தது. கொஞ்சநேரத்துக்கு முன் முறைத்துக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே தண்ணீரில் இரண்டு முகம் பார்த்தார்கள்.

"வாங்க, நீங்களும் பாருங்க. ஊரே பாக்குது," என்று முத்துக்கனி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். லிங்கதுரையின் வாசலைக் கடக்கிறபோது கால் ஒரு நொடி நின்றது. பிறகு தானாகவே நடந்தது. ஊர் விலகி இடம் கொடுத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர் முதன்முதலாகக் குனிந்தார்.

வெளிச்சம் விழுந்த தண்ணீரில் முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நெட்டையாய், ஒல்லியாய், வளையாமல் ஒரு கோடு நின்றது. தலையைச் சாய்த்தார். கோடு சாய்ந்ததா, தண்ணீர்தான் அசைந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன தெரியுது?" என்றாள் முத்துக்கனி.

பக்கத்தில் யாரோ வாளியை விட்டார்கள். கோடு உடைந்து சுவரோரம் ஒதுங்கியது. "தண்ணி கலங்கிக் கெடக்கு," என்றார் தங்கப்பழம். "அடங்கட்டும்."

அவள் காத்திருந்தாள். தண்ணீர் மெதுவாக அடங்கிக்கொண்டு வந்தது. அது அடங்க அடங்க, நிற்கப்போவது தன் முகமா, அந்த ஒன்றா என்று அவருக்குப் பயமாக இருந்தது. முழுவதும் அடங்குவதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாளி விழுந்தது. அவருக்கு மூச்சு திரும்பி வந்தது.